ஒரே ஆண்டு, ஊருக்கு ஒரு கணக்கு

சாளுக்கிய நாட்டுக் கவிஞன் ஒருவன் கல்லில் பொறித்த தேதி காளிதாசனின் காலத்துக்கு எல்லை வகுத்தது. பாரதப் போர் எப்போது நடந்தது என்ற ஓயாத வழக்கிலும் அதைத்தான் சாட்சிக்கு இழுக்கிறார்கள். அந்தச் சாட்சி உண்மையில் சொல்வது என்ன?

வடகர்நாடகத்தில் பாகல்கோட் மாவட்டத்து ஐஹொளேயில் கோயில்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட பழங்கோயில்கள் ஊருக்குள்ளும் வயல்களிலும் இறைந்து கிடக்கின்றன. ஊரை ஒட்டிய குன்றின் உச்சியில் இருப்பது சமணர் கட்டிய மேகுடி. 'மேலே இருக்கும் குடி' என்பதுதான் பெயரின் பொருள். தமிழர்களுக்கு அகராதி தேவைப்படாது. அதன் கிழக்குச் சுவரில், பழைய கன்னட எழுத்தில், 19 வரிகளில் ஒரு சமஸ்கிருதப் பாட்டு வெட்டப்பட்டிருக்கிறது. எழுதியவன் ரவிகீர்த்தி. கோயிலைக் கட்டியவனும் அவனே. ஆதரித்த மன்னன் வாதாபிச் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசி.

கல்லூரி மாணவர்கள் இந்தக் கல்வெட்டைப் படிப்பது வேறு காரணத்துக்காக. வடநாட்டுப் பேரரசன் ஹர்ஷன் புலிகேசியிடம் தோற்றதை இது பெருமையோடு சொல்கிறது. ஹர்ஷம் என்றால் மகிழ்ச்சி. ஹர்ஷனின் ஹர்ஷம் போயிற்று என்று கவிஞன் சிலேடை வேறு ஆடுகிறான். காஞ்சியின் மதிலுக்குப் பின்னால் பல்லவன் ஒளிந்துகொண்டதும், சாளுக்கியப் படை காவிரியைக் கடந்ததும் இதே பாட்டில் வருகின்றன. படைகளும் யானைகளும் ஓய்ந்த பிறகு, முடிவை நெருங்கும் இடத்தில், இரண்டு சுலோகங்களில் ஒரு தேதி வருகிறது. ஆராய்ச்சியாளர்களின் தூக்கத்தைக் கெடுத்தவை அந்த இரண்டு சுலோகங்கள்தான்.

முப்பது, மூவாயிரம், எழுநூறு, ஐந்து என்று அடுக்கிக் கூட்டச் சொல்கிறான் ரவிகீர்த்தி. யாப்புக்கு வளைந்துகொடுத்து எண்கள் முன்பின்னாக உட்கார்ந்திருக்கின்றன. கூட்டினால் 3735. பாரதப் போர் முடிந்து இத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டன என்கிறான். அதோடு விடவில்லை. ஐம்பது, ஆறு, ஐந்நூறு, ஆக 556. சக மன்னர்களின் ஆண்டுகளில் இத்தனை கழிந்துவிட்டன என்பது இரண்டாவது கணக்கு.

'கழிந்துவிட்டன' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். இன்று 2000-ம் ஆண்டு என்றால் நடந்துகொண்டிருக்கும் ஆண்டைச் சொல்கிறோம். பழைய இந்தியக் கணக்கர்கள் பெரும்பாலும் முடிந்துபோன ஆண்டுகளையே எண்ணினார்கள். ஒரு வயது நிறைந்தால்தான் குழந்தைக்கு ஒரு வயது என்று சொல்லும் வழக்கம் மாதிரி. சக ஆண்டு 556 முடிந்து அடுத்தது ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். 78-ஐக் கூட்டினால் கி.பி. 634 வருகிறது.

பாடப் புத்தகங்கள் 634 என்று எழுதிவிட்டு மேலே போய்விடுகின்றன. ஆனால் அந்தச் சக ஆண்டு சித்திரைப் பிரதமையில், அதாவது 634 மார்ச் மாதத்தில் தொடங்கி, 635-ன் தொடக்க மாதங்கள் வரை ஓடியது. ரவிகீர்த்தி மாதம் சொல்லவில்லை, திதி சொல்லவில்லை. கல்வெட்டு 635 ஜனவரியில் திறக்கப்பட்டிருந்தாலும் கணக்கு அதேதான். கறாரான ஆய்வாளர்கள் 634-35 என்று எழுதுவது இதனால்தான்.

ஒரு தேதிக்கு எதற்கு இரண்டு கணக்கு? சக ஆண்டு சாளுக்கிய நாட்டில் அப்போது புழக்கத்தில் இருந்த ஒன்று. பாதாமிப் பாறையில் முதலாம் புலிகேசி வெட்டிய கல்வெட்டில் சகம் 465 (கி.பி. 543) இருக்கிறது. அதே ஊரின் மூன்றாம் குகையில் சகம் 500 வருகிறது. சக மன்னன் முடிசூடியதிலிருந்து 500 ஆண்டுகள் கழிந்து, கார்த்திகைப் பௌர்ணமி அன்று என்று அங்கே விளக்கமாகவே எழுதியிருக்கிறார்கள். பாட்டனும் அப்பனும் சித்தப்பனும் பழகிய எண்ணிக்கையைத்தான் இரண்டாம் புலிகேசியின் கவிஞனும் எடுத்துக்கொண்டான்.

பாரதப் போர்க் கணக்கின் கதை வேறு. 3735-ல் 556 போனால் 3179. கலியுகம் பிறந்து 3179 ஆண்டுகள் கழிந்தபோது சக ஆண்டு தொடங்கியது என்பது வானநூலார் எல்லோரும் கையாளும் வாய்ப்பாடு. கலியுகத்தின் தொடக்கமாக அவர்கள் வைத்தது கி.மு. 3102 பிப்ரவரி. ஆரியபட்டர் தமக்கு 23 வயதானபோது கலியில் 3600 ஆண்டுகள் கழிந்திருந்தன என்று எழுதிவைத்தார். அது கி.பி. 499. அவருக்கு முன்னால் கலியுகத்தை ஆண்டு எண்ணாக வைத்து யாரும் தேதி போட்டதற்குத் தெளிவான சான்று இல்லை. கிரகங்கள் எல்லாம் ஒரே இடத்தில் கூடி நின்று ஓடத் தொடங்கியதாக ஒரு கற்பனைப் புள்ளியை வைத்துக்கொண்டால் கணிதம் எளிதாகும். கி.மு. 3102 அப்படிப் பின்னோக்கிக் கணித்துக் கண்ட புள்ளி என்பதே அறிவியல் வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோரின் முடிவு.

ஆகவே, 3735 ஆண்டுகளை யாரோ தலைமுறை தலைமுறையாகச் சுவரில் கோடு போட்டு எண்ணிவந்து ரவிகீர்த்தியிடம் ஒப்படைத்தார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. கையில் இருந்தது 556. அதோடு 3179-ஐக் கூட்டினால் போதும். கணக்கு தெரிந்த எந்தச் சோதிடரும் நொடியில் சொல்லியிருப்பார்.

இந்த இடத்தில்தான் வழக்கு சூடு பிடிக்கிறது. பாரதப் போர் கி.மு. 3102-ஐ ஒட்டி நடந்தது என்று வாதிடுவோர் அனைவரும் ஐஹொளேயைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். கல்லில் இருக்கிறதே, இதைவிட என்ன வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. அதே காலத்தின் மற்றச் சாட்சிகளையும் அழைத்தால் என்ன ஆகும்? ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரர், சக ஆண்டோடு 2526-ஐக் கூட்டினால் யுதிஷ்டிரர் காலம் கிடைக்கும் என்கிறார். அந்தக் கணக்கில், ரவிகீர்த்தி பாடிய ஆண்டில் போர் முடிந்து 3082 ஆண்டுகள்தான் ஆகியிருக்க வேண்டும். 653 ஆண்டுகள் குறைகின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் காஷ்மீர வரலாற்றை எழுதிய கல்ஹணர் அதையே ஏற்று, கலியில் 653 ஆண்டுகள் கழிந்த பிறகே பாண்டவர்கள் வாழ்ந்தார்கள் என்றார். துவாபர யுகத்தின் முடிவில் போர் நடந்ததாக நம்பிச் சிலர் மயங்கினார்கள் என்று குத்தலாகவும் எழுதினார். ரவிகீர்த்தியும் அந்த மயக்கத்தில் இருந்தவர்களில் ஒருவன். அகழாய்வாளர்களைக் கேட்டாலோ, அப்படியொரு போர் நடந்திருந்தால் அது கி.மு. 1000-ஐ ஒட்டித்தான் இருக்கும் என்று இன்னும் கீழே இறக்குகிறார்கள்.

மேகுடிக் கல்வெட்டு சொல்வது ஒன்றுதான்: 634-35-ல் படித்த ஒரு சமணப் புலவன் இப்படி நம்பினான். அந்த நம்பிக்கைக்கு இதைவிடப் பழைய தேதியிட்ட கல்வெட்டு கிடையாது. அந்த அளவில் இது பெரிய சாட்சிதான். போருக்கு அல்ல. இன்னொரு வேடிக்கை, மகாவீரர் நிர்வாணம் அடைந்ததிலிருந்து எண்ணும் ஆண்டுமுறை சமணர்களுக்கு உண்டு. அந்தக் கணக்கில் அது 1160-ஐ ஒட்டிய ஆண்டு. ஜினாலயம் கட்டியவன் அதைச் சொல்லாமல் பாரதப் போரைச் சொல்லியிருக்கிறான்.

உண்மையில் ஐஹொளே தேதி தாங்கி நிற்கும் கட்டடம் வேறு. பாட்டின் கடைசியில் ரவிகீர்த்தி தன்னைப் புகழ்ந்துகொள்கிறான்: தன் புகழ் காளிதாசனுக்கும் பாரவிக்கும் நிகரானதாம். தற்பெருமையால் இலக்கிய வரலாற்றுக்கு இத்தனை நன்மை கிடைத்தது அபூர்வம். காளிதாசன் எந்த நூற்றாண்டு என்பதில் பண்டிதர்களுக்குள் ஒத்துப்போகாத கருத்துகள் எத்தனையோ. ஆனால் 634-35-க்குப் பிறகு அவனைத் தள்ள யாராலும் முடியாது. அந்த ஆண்டுக்குள் மாளவத்தின் புகழ் தக்காணத்தின் குன்றுவரை எட்டிவிட்டது என்பது கல்லில் பதிந்த செய்தி.

தமிழ்நாட்டு வரலாறும் இந்தக் கணக்கில் கடன்பட்டிருக்கிறது. பல்லவர்களும் பாண்டியர்களும் தம் கல்வெட்டுகளில் பெரும்பாலும் ஆட்சியாண்டையே எழுதினார்கள். 'இன்ன மன்னனுக்கு யாண்டு பதின்மூன்று' என்றால் அந்த ஊர்க்காரனுக்குப் புரிந்திருக்கும். ஆயிரம் ஆண்டு கழித்து வருபவனுக்கு எந்தப் பதின்மூன்று என்று எப்படித் தெரியும்? முதலாம் நரசிம்மவர்மன் வாதாபியைக் கைப்பற்றிய பிறகு அங்கே வெட்டிய கல்வெட்டு, சிதைந்த நிலையில், பாதாமியில் இருக்கிறது. அதில் உள்ளது அவனுடைய 13-ம் ஆட்சியாண்டு. வாதாபி விழுந்தது 642-ல் என்று சாளுக்கியர் தரப்புச் சான்றுகளைக் கொண்டு முடிவு செய்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, நரசிம்மன் 630-ல் பட்டத்துக்கு வந்தான் என்று எழுதுகிறோம். வென்றவனின் காலத்தைத் தோற்றவனின் காலண்டரை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

தமிழ் நிலத்தில் விதிவிலக்குகள் உண்டு. காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22-ம் ஆட்சியாண்டும் சகம் 380-ம் ஒன்று என்று 'லோகவிபாகம்' என்ற சமண நூலில் ஒரு குறிப்பு இருக்கிறது. அது கி.பி. 458. மதுரையை அடுத்த ஆனைமலையில் பாண்டியன் பராந்தகன் நெடுஞ்சடையன் காலத்துக் குடைவரைக் கல்வெட்டு கலியுக ஆண்டு 3871 என்கிறது. அது கி.பி. 770; மேகுடிக்கு 136 ஆண்டுகள் பிந்தியது. முற்காலப் பாண்டியர் வரலாறு முழுதும் தொங்கிக்கொண்டிருக்கும் ஆணிகளில் அது முக்கியமானது. இத்தகைய ஆணி ஒன்று பெயர்ந்தால் பல மன்னர்கள் சேர்ந்து விழுவார்கள்.

ரவிகீர்த்தி பாடிய அதே ஆண்டில், புலிகேசியிடம் தோற்ற ஹர்ஷனின் அலுவலகத்தில் எழுதியவர்கள் ஏறத்தாழ 28 என்று தேதி போட்டிருப்பார்கள். அவன் பட்டத்துக்கு வந்த 606-லிருந்து எண்ணும் கணக்கு அது. பன்ஸ்கேரா செப்பேட்டில் 22-ம், மதுபன் செப்பேட்டில் 25-ம் இருக்கின்றன. குஜராத்தில் வலபி மன்னர்கள் மறைந்துபோன குப்தர்களின் ஆண்டையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது 315. விக்கிரம ஆண்டில் 691 என்று இன்று வடநாட்டுப் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லலாம். ஆனால் அந்தக் காலத்தில் அதற்கு விக்கிரமன் பெயர் ஒட்டவில்லை. மாளவர் ஆண்டு என்றுதான் சொன்னார்கள். மலையாளத்தின் கொல்லம் ஆண்டு பிறக்க இன்னும் 191 ஆண்டுகள் இருந்தன.

அறுபது ஆண்டுச் சுற்று என்ன சொல்கிறது? இன்றைய பஞ்சாங்க முறையில் பின்னோக்கி எண்ணினால் 634-35 ஜய ஆண்டு. 2014-15 ஜய, அதிலிருந்து 23 சுற்றுகள், 1380 ஆண்டுகள் பின்னால் போனால் போதும். ஆனால் இந்த விடை தவறு. மேகுடிக்கு 32 ஆண்டுகள் முந்திய மகாகூடத் தூண் கல்வெட்டில் சாளுக்கிய மங்களேசன் வைகாசிப் பௌர்ணமியைச் சொல்லி 'சித்தார்த்த' ஆண்டு என்கிறான். அந்த 602-ஐ இன்றைய முறையில் எண்ணினால் வருவது துந்துபி. மூன்று ஆண்டுகள் பிசகுகின்றன. காரணம், அன்றைய சுற்று உண்மையாகவே வியாழனோடு ஓடியது. வியாழன் ஒரு ராசியைக் கடக்கச் சுமார் 361 நாள் ஆகும். ஆகவே ஏறத்தாழ 85 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு பெயரை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவுவார்கள். பின்னாளில் தென்னாட்டார் அந்தத் தாவலை நிறுத்திவிட்டு வரிசையாக எண்ணத் தொடங்கினார்கள். வடநாட்டில் நிறுத்தவில்லை. இதனால் தெற்கின் ஆண்டுப் பெயரும் வடக்கின் ஆண்டுப் பெயரும் இன்றுவரை ஒத்துப்போவதில்லை.

இந்தியாவை விட்டு வெளியே போனால் கதை இன்னும் சுவையானது. ஹிஜ்ரி 13-ம் ஆண்டு தொடங்கியது 634 மார்ச் 7. அந்த மாதம் 5-ம் தேதி வாக்கில் அமாவாசை. கணித்துப் பார்த்தால் தக்காணத்தின் சித்திரைப் பிரதமையும் அதே பிறையில்தான் விழுகிறது. ஐஹொளேயின் யுகாதிக்கும் மதீனாவின் முஹர்ரத்துக்கும் ஒரே நிலா. அதன் பிறகு வழி பிரிந்தது. நிலவு மாதங்கள் பன்னிரண்டு சேர்ந்தால் சுமார் 354 நாள். பருவத்தோடு பொருந்த இந்தியப் பஞ்சாங்கம் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போல அதிகமாதம் சேர்க்கும். ஹிஜ்ரியில் அது கிடையாது. அந்த ஒரே பிறையில் புறப்பட்டவர்களில் சக ஆண்டு 2024-ல் 1946-க்கு வந்திருந்தது. அதாவது 1390 ஆண்டுகள். ஹிஜ்ரி அதே ஆண்டில் 1446-ஐத் தொட்டது, 1433 ஆண்டுகள். 43 ஆண்டுகள் கூடுதல்.

ஆனால் 634-ல் மதீனாவில் யாரும் அதை 13 என்று எழுதவில்லை. அந்த ஆகஸ்டில் கலீஃபா அபூபக்கர் இறந்தார். அடுத்து வந்த உமர்தான் சில ஆண்டுகள் கழித்து நபிகள் மதீனாவுக்குப் பெயர்ந்ததை முதலாண்டாக வைத்துக் கணக்கை நிறுவினார். 13 என்ற எண் பிற்பாடு திருப்பி ஒட்டப்பட்டது.

பாரசீகத்தில் நேர்மாறு. மன்னன் மாறினால் அங்கே ஆண்டுக் கணக்கும் ஒன்றிலிருந்து தொடங்கும். மூன்றாம் யஸ்தெகர்த் 632-ல் பட்டத்துக்கு வந்ததால் 634 ஜூனில் மூன்றாம் ஆண்டு பிறந்தது. அரபுப் படைகள் அந்த அரசை வீழ்த்தின. அவனுக்குப் பிறகு மறுபடி ஒன்று என்று எண்ணவைக்க ஒரு மன்னன் வரவில்லை. எண்ணிக்கை நிற்காமல் ஓடியது. மும்பைப் பார்சிகள் இன்றும் எண்ணுவது அவனுடைய ஆண்டைத்தான். 2024 ஆகஸ்டில் அவர்களுக்கு 1394 பிறந்தது.

ஐரோப்பாவில் கிறிஸ்து பிறப்பிலிருந்து எண்ணும் முறையை ரோமில் வாழ்ந்த டயோனிசியஸ் என்ற துறவி 525-லேயே வகுத்திருந்தார். ஆனாலும் 634-ஐ 634 என்று அழைத்தவர்கள் அநேகமாக இல்லை. அதை வரலாற்றில் பரப்பியவர் ஆங்கிலத் துறவி பீட். 731-ல் முடித்த நூலில் அவர் சொல்லும் ஒரு செய்தி இந்த ஆண்டுக்கே உரியது. 633 அக்டோபரில் நார்தம்பிரிய மன்னன் எட்வின் போரில் இறந்தான். அடுத்து நாட்டைப் பங்கிட்ட இருவர் கிறிஸ்தவத்தைக் கைவிட்டார்கள்; ஓராண்டுக்குள் கொல்லப்பட்டார்கள். பக்திமானான ஆஸ்வால்டு 634-ல் வென்று அரியணை ஏறினான். மன்னர் வரிசையைக் கணக்கிடுவோர் கூடி, மதம் துறந்த இருவரின் நினைவே வேண்டாம் என்று அவர்கள் ஆண்ட ஓராண்டை ஆஸ்வால்டின் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். ஆட்சியாண்டு முறையில் இதுவும் சாத்தியம். பிடிக்காத மன்னனை அடித்தால் ஆண்டும் அவனோடு அழிந்துவிடும்.

சீனர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. தாங் பேரரசன் தைசோங்கின் ஜெங்குவான் எட்டாம் ஆண்டு அது. அதோடு அறுபதாண்டுச் சுற்றின் குதிரை ஆண்டுப் பெயர் ஒன்றும் சேர்ந்திருக்கும். அவர்கள் தாவவும் இல்லை, விடவும் இல்லை. 634-க்கு இருந்த அதே பெயர்தான் 2014-க்கும். திபெத்தின் முதல் தூதுக்குழு தாங் அவைக்கு வந்த ஆண்டும் இதுவே. யுவான் சுவாங் அப்போது இந்தியாவில் யாத்திரையில் இருந்தார்.

இப்படிச் சிதறிக் கிடந்த கணக்குகளை இந்தியாவில் ஒழுங்கு செய்தவர்கள் பெரும்பாலும் சர்க்கார் வேலைக்கு நடுவே செய்தார்கள். பம்பாய் மாகாண அதிகாரி ஃபிளீட், புனேயில் சமஸ்கிருதம் கற்பித்த கீல்ஹார்ன் இருவரும் ஐஹொளே கல்வெட்டைப் பதிப்பித்தவர்கள். 1896-ல் ராபர்ட் சீவெலும் சங்கர பாலகிருஷ்ண தீட்சிதரும் கி.பி. 300 முதல் 1900 வரை அட்டவணைகள் வெளியிட்டார்கள். சென்னையின் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை நாள்வாரியாகத் தொகுத்த பெரும் பஞ்சாங்கத் தொகுதிகள் கி.பி. 700-லிருந்துதான் தொடங்குகின்றன. ரவிகீர்த்தி அதற்கு முன்பே பாடிவிட்டான்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1952-ல் விஞ்ஞானி மேகநாத சாஹா தலைமையில் அமைந்த குழு, நாட்டில் புழங்கிய சுமார் 30 பஞ்சாங்கங்களைப் பரிசீலித்துச் சக ஆண்டையே தேசியக் காலண்டருக்குத் தேர்ந்தெடுத்தது. 1957 மார்ச் 22, சகம் 1879 சைத்ரம் முதல் நாள் ஆயிற்று. கல்லில் 556 என்று பொறித்த அதே எண்ணிக்கைதான் அரசிதழின் முகப்பிலும் ஓடுகிறது. மக்கள் அதைத் தொடுவதில்லை. ஆனால் சக ஆண்டில் தேதியிட்ட காசோலை செல்லும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. வங்கிகள் அதை மறுக்கக் கூடாது. காலாவதியாகிவிட்டதா என்று அறிய ஆங்கிலத் தேதிக்கு மாற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படியொரு காசோலை வந்தால் கவுண்டரில் இருப்பவர் ஃபிளீட்டும் கீல்ஹார்னும் போட்ட அதே கூட்டலைப் போட வேண்டியதுதான். ஆங்கிலக் கணக்கில் ஜனவரி ஒன்றுக்கு முன்னால் விழும் நாள் என்றால் 78, பின்னால் என்றால் 79. அவருக்கு ஒரு வசதி, காசோலையில் மாதமும் நாளும் இருக்கும்.